மிதித்துச் செய்த பனித்தடம்

என் அம்மா என்னைப் பற்றிப் பெருமைப்பட்டதால்தான் நான் பதித்த முதல் தடம் அழிந்தது. இதை இப்போது அவரிடமே சொல்லிச் சிரிக்கிறேன். அந்த மார்கழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தடம் என்று நான் சொல்வது சமதரைப் பனிச்சறுக்குக்கான பாதையை. மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் சறுக்கல்ல இது. ஒடுங்கி நீண்ட இரு பலகைகளைச் சப்பாத்தின் முன்நுனியில் மட்டும் பொருத்தி, இரு கைகளிலும் கோல்களை ஊன்றி, காட்டோரமாகவும் வெளிகளூடாகவும் பாதி நடையும் பாதி வழுக்கலுமாகப் போவது. அதற்குப் பனி அழுத்தப்பட்டிருக்க வேண்டும். அழுத்திய பனியில், ரயில் தண்டவாளம் போல, இரண்டு பள்ளக் கோடுகள் அருகருகே ஓட வேண்டும். பலகைகள் அந்தக் கோடுகளுக்குள் அமர்ந்துவிட்டால் முதல் நாள் பழகுபவர்கூட ஓரளவு நேராகப் போய்விடுவார். கோடுகள் உடைந்திருந்தால், பலகையின் முனை குழியில் செருகி, எவ்வளவு பழகியவரும் முகங்குப்புற விழுவார்.

பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்த ஆண்டுகளில் இதைக் கற்றுக்கொண்டேன். வகுப்புத் தோழிகள் சிலர் குளிர்கால வார இறுதிகளில் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள காடுகளுக்குக் காரில் போவார்கள். என்னையும் ஏற்றிச் செல்வார்கள். பைன் மரங்களுக்கிடையே, என் மூச்சையும் பலகைகளின் உரசலையும் தவிர வேறு ஒலி கேட்காத அந்தப் பாதைகளில்தான், நான் பிறந்த நாட்டின் குளிர்காலம் எனக்கும் உரியது என்பதை முதன்முதலாக உணர்ந்தேன். அதே பாதைகளில்தான் இன்னொன்றும் உறுத்தியது. அங்கே போக பஸ் இல்லை. கார் வேண்டும், சனிக்கிழமை வேலையில்லாத வாழ்க்கை வேண்டும், குளிரை ஓர் ஓய்வாக நினைக்கும் பழக்கம் வேண்டும். ரொறன்ரோவின் கிழக்கோரம், மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தில் வாழ்பவர்களிடம் இம்மூன்றும் சேர்ந்திருந்ததை நான் கண்டதில்லை. அவர்களுக்குக் குளிர்காலம் என்பது கார்க் கண்ணாடியில் படிந்த ஐஸைச் சுரண்டுவது, பஸ் தரிப்பிடத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது, வழுக்கி விழாமல் வேலைக்குப் போய் வழுக்கி விழாமல் வீடு திரும்புவது. பனி எல்லோருக்கும்தான் விழுகிறது; அதில் மகிழ்வது மட்டும் ஏன் சிலருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வியோடு நான் பட்டம் பெற்றேன்.

பக்கத்து நகரமான பிக்கரிங்கில் ஒரு சமூக நிலையத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் போய்வந்துகொண்டே, மாநகரப் பூங்காப் பிரிவுக்கு எழுதத் தொடங்கினேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டிக் கிடக்கும் பூங்காவின் சமவெளியைச் சுற்றி ஒரு சறுக்குத் தடம் அமைக்க அனுமதி கேட்டேன். இலையுதிர்காலத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் நேரில் வந்து நிலத்தைப் பார்த்தார். ஒரேயொரு குளிர்காலத்துக்கு, பரீட்சார்த்தமாக, அனுமதி தந்தார். நிபந்தனைகளை அவர் தெளிவாகவே சொன்னார். குளிர்காலத்தின் முடிவில் அவர் வந்து பார்க்கும்போது தடம் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பூங்காவுக்கு வரும் வேறு எவரும் தங்கள் இடம் பறிபோனதாக முறையிடக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் தடம் தொடரலாம். ஒன்று தவறினாலும் அந்தக் குளிர்காலத்தோடு முடிந்துவிடும்.

வடக்கே உள்ள ஒரு சறுக்குக் கழகம் தான் கழித்து வைத்திருந்த பலகைகளையும் சப்பாத்துகளையும் தந்தது. தடம் பதிக்கும் பெட்டி ஒன்றையும் தந்தது. அடியில் இரு மரக்கட்டைகள் பூட்டிய, மேலே கல் ஏற்றி இடுப்பில் கயிறு கட்டி இழுக்கும் எளிய பெட்டி அது. புல்தரைக்குப் போடும் இரும்பு உருளை ஒன்றை நானே தேடிப் பிடித்தேன். முதல் கனத்த பனி விழுந்ததும், வேலைக்குப் போகுமுன் உருளையையும் மறுநாள் பெட்டியையும் இழுத்து, வெளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு முடித்தேன். முழங்கால் வரை நனைந்து வீட்டுக்குள் வந்த என்னை அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடி செய்துகொண்டு வாறாய்?"

"பார்க்கிலை ஸ்னோவை அமத்திப் பாதை போடுறன் அம்மா. எங்கடை சனமும் குளிருக்கை வெளியாலை வரவேணும்."

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். எனக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். அந்த வசனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று நான் யோசிக்கவேயில்லை.

அம்மா ஒரு காலை நடைக் குழுவில் இருக்கிறார். எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் உள்ள தமிழர்கள். ஓய்வு பெற்றவர்களும், பின்னேர வேலைக்குப் போகிறவர்களும். அநேகருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். கோடையில் பூங்காவில் நடப்பார்கள். பனி தொடங்கினால் மோலுக்குள் போய்விடுவார்கள். கடைகள் திறக்குமுன், பூட்டிய கண்ணாடிகளுக்கு முன்னால், சூடேற்றிய கூடங்களில் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். இந்த நகரத்தில் வயதானவர்களின் குளிர்காலம் பெரும்பாலும் அப்படித்தான் கழிகிறது.

நான் தடம் போட்ட அடுத்த நாட்களில் அதில் குழிகள் தோன்றின. கணுக்கால் ஆழத்தில், கோடுகளின் மேலேயே, வட்டம் முழுவதும் சப்பாத்துக் குழிகள். இரவில் அவை உறைந்து கல்லாகியிருந்தன. நாய்களைக் கூட்டிவருபவர்கள் என்று முதலில் நினைத்தேன். திரும்பவும் உருளையை இழுத்துத் திரும்பவும் பதித்தேன். திரும்பவும் குழிகள். ஞாயிறு காலை, யாரென்று பார்த்துவிடுவது என்று வேளைக்கே இறங்கினேன்.

வெளியின் மறுகரையில் ஒரு நீண்ட வரிசை வந்துகொண்டிருந்தது. தடித்த ஜக்கெட்டுகள், காதை மூடிய தொப்பிகள், ஒரு சேலையின் கரை. எல்லோரும் என் இரு கோடுகளின் மீதே, ஒருவர் பின் ஒருவராக, மிகுந்த ஒழுங்கோடு நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவர் என் அம்மா.

"உங்கை நிக்கிறா எங்கடை இஞ்சினியர்," என்றார் அவருக்குப் பின்னால் வந்த அங்கிள். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குழுவுக்குத் தன்னைத் தானே கப்டன் ஆக்கிக்கொண்டவர். கழுத்தில் ஒரு விசில்கூடத் தொங்கும். "பிள்ளை, றோட்டு திறம். நடுவிலை ரெண்டு கானும் வெட்டி விட்டிருக்கிறாய். உருகினால் தண்ணி வடிஞ்சு ஓடும். சிற்றிக்காரருக்கு உந்த மூளை வராது."

"தண்ணி ஓடுறதுக்கு முதல் என்ட கால் ஒடிஞ்சிரும் கா," என்றார் அவருக்குப் பின்னால் நின்ற அன்ரி. மட்டக்களப்புக்காரர், முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்பவர். "கானுக்குள்ள ரெண்டு தரம் கால் பிரண்டு போச்சு. ஆனாலும் மோலை விட இது எவ்வளவோ நல்லம், புள்ள. அங்க காத்தும் இல்ல, கதையும் இல்ல. சாமான் பாக்கிறதுதான்."

அம்மா எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னனான்தானே. என்ர மகள் எங்களுக்காகச் சிற்றியோடை கதைச்சுப் போட்ட றோட்டு."

அவருடைய முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் ஒரு தடவைதான் கண்டிருந்தேன்: பட்டமளிப்பு நாளில்.  "நல்லது அங்கிள், பாத்து நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

அந்த வாரம் முழுவதும் ரயிலில் இதையே யோசித்தேன். அவர்களை நடக்க விட்டால் தடம் இல்லை. உத்தியோகத்தர் வரும்போது காட்டுவதற்குக் குழிகள்தான் இருக்கும். நடக்க வேண்டாம் என்றால் அவர்கள் மோலுக்குத் திரும்பிவிடுவார்கள். இத்தனை வருடக் குளிர்காலங்களில் முதன்முதலாக வெளியே வந்த மனிதரை, "எங்கள் சனம் வெளியே வரவேண்டும்" என்று சொன்ன நானே உள்ளே துரத்தியதாகும். அத்தோடு, அவர்களில் ஒருவர் மனம் நொந்து பூங்காப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். அந்த முறைப்பாட்டில் ஒரு பிழையும் இராது. நடப்பதற்கும் பூங்கா அவர்களுடையதுதான்.

ஒரு மாலை கணினியில் தமிழில் ஓர் அறிவித்தல் எழுதினேன்: இப்பாதையில் நடக்க வேண்டாம். பெரிய எழுத்தில் அச்சடித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். எங்கள் பூங்காவில் தமிழில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. முதலாவதாக வரப்போகும் தமிழ்ப் பலகை ஒரு தடையாக இருக்கப் போகிறது. அதை வைப்பது ஒரு தமிழ்ப் பெண். தாளைக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அவர் குசினியில் றொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கோடுகள் எதற்கு, குழிகள் என்ன செய்யும், உத்தியோகத்தரின் நிபந்தனைகள் என்ன என்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை அவர் கையை நிறுத்தவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் உன்ர வேலையை உழக்கிக்கொண்டு திரிஞ்சனாங்கள்."

"தெரியாமல்தானே அம்மா."

"அண்டைக்கே சொல்ல உனக்கு வாய் இல்லையோ?"

"எல்லாரும் சந்தோசமா நிண்டியள்."

மாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "றோட்டு எங்களுக்கெண்டு நான்தான் வீடு வீடாய்ச் சொன்னனான். இப்ப எந்த முகத்தோடை போய் றோட்டாலை இறங்குங்கோ எண்டு சொல்லுறது?" என்றார்.  கையைத் துடைத்துக்கொண்டே, "நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் பாக்கிறன். சனிக்கிழமை எனக்கு உதைக் கட்டிவிடு" என்றார்.

"எதை?"

"உந்தப் பலகையைத்தான்."

சனிக்கிழமைகளில் விருப்பமானவர்கள் வந்து பழகலாம் என்று நான் ஒழுங்கு செய்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை, நடைக் குழு முழுவதையும் அம்மா வெளியின் ஓரத்தில் நிறுத்தினார். பிறகு ஒரு கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து காலை நீட்டினார்; நான் குனிந்து சப்பாத்தைப் பூட்டினேன். நுழைவாயிலுக்கு அருகே மட்டும் தடத்தைப் புதிதாகப் பதித்து வைத்திருந்தேன். அதற்கு அப்பால் பழைய குழிகள் அப்படியே இருந்தன.

அம்மா எழுந்து நின்றார். ஆடினார். என் தோளைப் பிடித்தார், பிறகு விட்டார். கோல்களை ஊன்றித் தள்ளியபோது பலகைகள் கோடுகளுக்குள் வழுக்கி முன்னே போயின. "ஐயோ, தானாப் போகுது" என்றார். பயமும் சிரிப்பும் கலந்த குரல். ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அங்கிள் விசில் ஊதினார். புதிய தடம் முடியும் இடத்துக்கு வந்தவுடன் வலப் பலகையின் முனை ஒரு குழிக்குள் இறங்கியது. அம்மா பக்கவாட்டில், முழு உடலோடு, பனிக்குள் சாய்ந்தார்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். நானும் ஓடினேன். அம்மா கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒருத்தரும் தூக்க வேண்டாம். எனக்கு ஒண்டும் இல்லை. முதல் இந்தக் குழியைப் பாருங்கோ." பனியில் இருந்தபடியே கோலால் சுட்டினார். "இது ஆற்றை சப்பாத்து? என்ர சப்பாத்து. நான்தான் முன்னுக்கு நடந்தனான். இது கானும் இல்லை, றோட்டும் இல்லை. என்ர மகள் சறுக்கிறதுக்குப் பதிச்ச தடம். நான் விளங்காமல் உங்களுக்கு மாறிச் சொல்லிப்போட்டன்."

எல்லோரும் குனிந்து குழியைப் பார்த்தார்கள். பிறகு அங்கிள் தொண்டையைச் செருமினார். நான் பயந்திருந்தது அவர் வாயிலிருந்தே வந்தது.

"சரி, பிழை எங்கடைதான். ஆனால் ஒண்டு கேக்கிறன், பிள்ளை. சறுக்கிற ஆக்களுக்குப் பாதை இருக்கு. நடக்கிற ஆக்களுக்குப் பார்க் இல்லையோ?"

"இருக்கு அங்கிள். நீங்கள் கேக்கிறது நியாயம்தான்," என்றேன். "பக்கத்திலேயே நடக்கிறதுக்கும் ஒரு பாதை போட்டிருக்க வேணும். ஆனால் புதுப் பனியை முதலில் அமத்தி, ஒரு இரவு இறுக விட வேணும். இந்த உருளை பாரம் காணாது. ஒரு பாதைக்கே என்னால் ஏலாமல் கிடக்கு."

"அமத்துறதெண்டா?" என்று அன்ரி கேட்டார்.

"மிதிச்சாலும் சரிதான் அன்ரி. இடைவெளி விடாமல், சமனாக மிதிக்க வேணும். வடக்கிலையும் மெஷின் இல்லாத இடங்களிலை காலாலைதான் மிதிப்பினம்."

அன்ரி அங்கிளைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "இவ்வளவு கால் இரிக்கு. நாங்க மிதிச்சுத் தாறம், புள்ள. வயலில மாடு விட்டு நெல்லுச் சூடு மிதிக்கிற மாதிரி."

"அப்ப எங்களை எருமை எண்டுறியள்," என்றார் அங்கிள்.

"எருமையெண்டா சொன்ன இடத்தில மிதிக்கும். உங்களை நம்பேலாது கா."

அம்மா பனியில் இருந்தே சிரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவரை நாங்கள் தூக்கிவிட்டோம்.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சம் இப்படித்தான் நடந்தது. பனி விழுந்து ஓய்ந்ததும் குழு கீழே இறங்கும். மூன்று மூன்று பேராகத் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். அங்கிள் விசில் ஊதுவார். ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் யாரும் காலை முன்வைக்கக் கூடாது. முன்னால் போகிறவர் விட்ட இடைவெளியைப் பின்னால் வருகிறவர் மிதிக்க வேண்டும். எனக்கு ஒரு பயம் இருந்தது: ஆழமான பனியை மிதிப்பது மூச்சு வாங்கும் வேலை, இவர்களில் சிலருக்கு இதய வருத்தம். அந்தப் பொறுப்பை அன்ரி எடுத்துக்கொண்டார். முதியோர் இல்லத்தில் மனிதரின் முகத்தைப் பார்த்தே நிலையை அறிந்து பழகியவர். முகம் சிவந்தவரை, மூச்சுக்கு நடுவே கதைக்க முடியாதவரை, வரிசையிலிருந்து இழுத்து ஓரத்தில் நிறுத்துவார். "கதை வருதா? வராட்டி நில்லுங்க" என்பதுதான் அவருடைய பரிசோதனை. அதனால் மிதிக்கும் நேரம் முழுவதும் எல்லோரும் கட்டாயமாகக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். பேரப்பிள்ளைகளின் கலியாணப் பேச்சு, கொண்டோ வீட்டு விலை, அஜின்கோர்ட்டில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக்கடையின் கொத்துறொட்டி என்று எல்லாம் அந்தப் பனிக்குள் மிதிபட்டது.

மிதித்த பனி இரவின் குளிரில் இறுகிச் சீமெந்துத் தரை போலாகும். அதிகாலையில் நான் பெட்டியை இழுத்து இடப்பக்கப் பாதியில் கோடுகளைப் பதிப்பேன். வலப்பக்கப் பாதி நடப்பவர்களுக்கு. என் உருளையால் நான் செய்ததை விட அவர்களின் கால்கள் செய்த தளம் கெட்டியாக இருந்தது. இடையில் இரு தடவை வெயில் எறித்துப் பூங்கா முழுவதும் உருகியது. புல் வெளியே தெரிந்தபோதும் அந்த மிதித்த வட்டம் மட்டும் ஒரு வெள்ளை வளையமாக நிலைத்து நின்றது.

சனிக்கிழமைகளில் ஆட்கள் கூடினார்கள். பக்கத்துக் கட்டடங்களில் இருந்து, கனடாவில் தங்கள் முதல் குளிர்காலத்தைக் காணும் வேறு நாட்டுக் குடும்பங்களும் வந்தன. அன்ரி பலகை கட்டினார். அவர் விழுந்த தடவைகளை அங்கிள் உரக்க எண்ணினார். பிறகு அங்கிளும் கட்டினார். எண்ணுவதை உடனே நிறுத்திக்கொண்டார்.

மாசி முடியும் தறுவாயில் உத்தியோகத்தர் வருவதாகச் சொன்னார். முதல் நாள் பனி விழுந்திருந்தது, எல்லோருமாக மிதித்திருந்தோம். காலையில் நான் கோடுகளைப் பதித்து முடித்தபோது வானம் நீலமாகவும் குளிர் கடுமையாகவும் இருந்தது. அவர் தன் சொந்தப் பலகைகளோடு வந்தார். அவற்றைப் பூட்டிக்கொண்டு வட்டத்தைச் சுற்றத் தொடங்கினார். ஓடை வளைவுக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கத்தால் தோன்றும் வரை நான் அசையாமல் நின்றேன். நடைக் குழு வலப்பக்கத்தில் வழக்கம் போல நடந்துகொண்டிருந்தது. அவர் அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தடம் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, என்னை விட்டுவிட்டு அங்கிளிடம் திரும்பினார்.

நீங்கள் நடப்பதற்கு வருகிறவர்; இந்தச் சறுக்குத் தடத்தால் உங்களுக்கு ஏதாவது முறைப்பாடு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அங்கிள் நிமிர்ந்தார். "யெஸ் மேடம். ஒரு கொம்பிளெயின்ற் இருக்கு," என்று ஆங்கிலத்திலேயே தொடங்கினார்.

 அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அங்கிள் நிதானமாக, தொழிற்சாலைக் கூட்டத்தில் தொழிலாளர் சார்பில் பேசுகிறவர் போல, சொல்லி முடித்தார். இந்த வருடம் பனி போதாது. கிழமைக்கு ஒரு தடவையாவது விழ வேண்டும். மாநகரசபை அதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

உத்தியோகத்தர் முதலில் குறிப்பெடுக்கப் போனார். பிறகு புரிந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், இந்தத் தளத்தை எந்த இயந்திரத்தால் அழுத்தினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா தன் சப்பாத்தை ஒரு தரம் உயர்த்திக் காட்டிவிட்டுக் கீழே வைத்தார். அவரைச் சுற்றி நின்றவர்களும் ஒவ்வொருவராகக் காலை உயர்த்தினார்கள். அன்ரி அங்கிளின் காலைக் காட்டி, "திஸ் வன், வெரி ஸ்லோ மெஷின்" என்றார்.

பெருமை என்ற சொல்லை நான் எச்சரிக்கையாகவே பயன்படுத்துவேன். ஒருவரின் பெருமைக்காக வேறொருவர் எதை இழந்தார் என்று கேட்கப் பழகியவள் நான். ஆனால் அந்தக் காலையில் எவ்வளவு தேடியும் இழந்தவர் எவரையும் நான் காணவில்லை. வடக்கே காடுகளில் எனக்குக் கிடைத்தது ஒரு தனிமனித மகிழ்ச்சி. அதை நான் மறுக்கவில்லை. இங்கே என் முன்னால் நின்றது வேறொன்று. நான் வரைந்த திட்டத்தில் இந்த மனிதர்களுக்கு இடமே இருக்கவில்லை. அவர்கள் தங்கள் கால்களாலேயே அதற்குள் வந்து, அதை என் திட்டத்தைவிட நல்லதாக்கி வைத்திருந்தார்கள்.

பதில் சித்திரையில் வந்தது. தடம் தொடரும். பூங்காவின் குளிர்காலப் பாதைகளில் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். நடப்பவர்களுக்கான பாதியும் சேர்த்தே குறிக்கப்படும். பலகைகளை வைக்கப் பூங்காக் கட்டடத்தில் ஓர் அறையும் தருவார்கள். செய்தியைக் கேட்ட அம்மா, "நடக்கிற பாதியும் எண்டு அவையளே சொன்னவையோ, நீ கேட்டு வாங்கினியோ?" என்று விசாரித்தார். அவர்களே சொன்னார்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, அந்த வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் போன் எடுத்தார்.

கார்த்திகை வந்தபோது வானிலையைப் பற்றி எங்கள் கட்டடத்தில் எழுந்த முறுமுறுப்பு எனக்குப் புதிது. லிஃப்டில் சந்தித்த அங்கிள், "என்ன பிள்ளை, உந்த ஸ்னோ இந்த வருஷம் வராதோ" என்று, பிந்திப்போன பஸ்ஸைப் பற்றிக் கேட்பதைப் போலக் கேட்டார். முதல் பனி ஒரு வேலைநாளில் விழுந்தது. பிக்கரிங்கில் கூட்டமொன்றில் இருந்தபோது அம்மா அழைத்தார்.

"விழத் தொடங்கிட்டுது. ஆக்கள் எல்லாம் கீழை நிக்கினம்."

"இன்னும் கணக்க விழுந்திராது அம்மா. புல்லுக்கூட மறைஞ்சிராது. நான் வந்து பாத்துச் சொல்லுறன், பொறுங்கோ."

"நீ வந்து பாக்கிற நேரத்துக்கு உருகிப்போகும்," என்றார். பின்னால் விசில் சத்தம் கேட்டது. அன்ரி யாரையோ ஏசுவதும் கேட்டது. "அடித்தளத்தை நாங்கள் மிதிச்சு வைக்கிறம். நீ வேலையை முடிச்சிட்டு ஆறுதலா வா. வரேக்கை வலப்பக்கத்தாலை வா, இடப்பக்கம் தடத்துக்கெண்டு மிதிச்சிருக்கு."